வில்லும் தந்தியும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் பாதையில் 1931-ஆம் ஆண்டு முதல் மின்சார இரயில்கள் ஓடி வருகின்றன. அப்பாதையை ஒட்டி வளர்ந்த பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய ஊர்களில் அந்திப் பொழுதில் தெரு வழியே நடந்து செல்வோர், ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து பிடிலின் ஒலி எழக் கேட்பர். அவ்வொலி எப்பொழுதும் செவிக்கு இனியதாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. புதிதாகப் பயிலத் தொடங்கிய பிள்ளை சரளி வரிசையை வாசிக்கும்போது, எண்ணெய் காணாத கதவுக் கீல் அழுவது போன்ற கீச்சொலி இடையிடையே எழும். அடுத்த வீட்டாரின் பொறுமைக்கு அஃது ஒரு சோதனையே. "வில்லைக் குதிரைக்கு அருகே கொண்டு போகாதே, போனால் அழுத்தி இழு" என்பார் ஆசிரியர். பிள்ளையும் அவ்வாறே இழுக்கும், ஒலி திருந்தும். ஏன் திருந்திற்று என்று பிள்ளை கேட்பதில்லை. கேட்டாலும், "எங்கள் ஆசிரியர் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும்.

அந்த விடையோடு அமைதி கொள்ளாமல், பத்தாண்டுகளுக்கு மேல் இக்கேள்வியையும் இதனோடொத்த வேறு கேள்விகளையும் பற்றிக்கொண்டு உழைத்தவர் ஒரு தமிழர். ஒளிச் சிதறலைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1930-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர வேங்கட இராமனே அவர். உலகம் அவரை ஒளியின் அறிஞராகப் போற்றுகின்றது. அதற்கு முன்னர் அவர் ஒலியின் அறிஞராகப் புகழ்பெற்றிருந்தார் என்பதைப் பலர் அறியார். ஒரு பெரும் புகழ் மற்றொன்றை மறைத்துவிட்டது.

பிடில் நம் நாட்டிற் பிறந்த கருவியன்று; ஐரோப்பியர் கொண்டு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய காலத்தில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கும்பினியாரின் வாத்தியக் குழுவினர் அதனை வாசித்து வந்தனர். மணலியில் வாழ்ந்த வேங்கடகிருஷ்ண முதலியார் கும்பினியாரிடம் துபாஷாக இருந்தவர். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தாரை ஆதரித்தவர். அவருடைய தொடர்பால் தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி (1786–1858) கோட்டை இசையைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றார். ஐரோப்பியர் ஒருவரிடம் அக்கருவியைப் பயின்று, அதனைக் கருநாடக இசைக்கு இசைவித்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதில் வல்லவர். அவருக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தாலான பிடில் ஒன்றை அளித்தார். நின்றுகொண்டு மோவாயின் கீழ் இடுக்கி வாசிக்கும் கருவியை நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் காலின்மேல் ஊன்றி வாசிக்கலாயினர். தந்திகளைச் சட்சம், பஞ்சமம் என்னும் முறையில் அமைத்துக்கொண்டனர். குரல் எங்கெல்லாம் வளைந்து குழையுமோ அங்கெல்லாம் உடன் செல்லவல்ல கருவியாதலின், விரைவில் அது பாட்டுக் கச்சேரிக்கு இன்றியமையாத துணையாயிற்று.

அவ்வாறு நம் இல்லங்களிற் புகுந்த பிடில்களுள் ஒன்று சந்திரசேகர ஐயர் இல்லத்திலும் இருந்தது. திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர்; 1892-இல் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் பணியேற்றார். அவர் பிடில் வாசிப்பவர். ஆகவே, ஒரே வீட்டில் ஒருபுறம் பௌதிக நூல்களும் மற்றொருபுறம் இசைக் கருவியும் இருந்தன. அக்குழந்தைகளுக்கு இசையும் கணக்கும் இரு வேறு உலகங்களாகத் தோன்றியிரா.

மூத்த மகன் சுப்பிரமணிய ஐயர் அரசாங்கக் கணக்குத் துறையில் உயர்ந்த பதவி வகித்தவர். அலுவல் கணக்கெழுதுவது, உள்ளம் பிடிலில் தோய்ந்தது. 1918-இல் சென்னைக்கு வந்த அவர் குடும்பம் பின்னர் மயிலாப்பூரில் நிலைகொண்டது. தென்னிந்திய இசையின் இலக்கணம் பற்றி 1939-லும், பிடில் வாசிக்கும் கலையும் நுட்பமும் பற்றி 1941-லும் அவர் ஆங்கிலத்தில் நூல்கள் வெளியிட்டார். அவருடைய மகனே விண்மீன்களை ஆராய்ந்து 1983-இல் நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர். மகள் வித்யா சங்கர் வீணை வல்லுநர். அண்ணன் பிடிலை விரும்பி வாசித்தார். தம்பி அதனை விரும்பிக் கேள்வி கேட்டார்.

இராமன் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். இளமையிலேயே அவர் கைக்கு எட்டிய ஒரு நூல் அவர் போக்கைத் தீர்மானித்தது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலிகளைப் பற்றி எழுதிய பெருநூல் அது, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. தம் வாழ்வை உருவாக்கிய மூன்று நூல்களுள் அதனையும் ஒன்றாகப் பிற்காலத்தில் இராமன் குறிப்பிட்டிருக்கிறார். செவி உணர்ந்து மகிழ்வதை அறிவு அளந்து காட்ட முடியும் என்பதை அந்நூல் அவருக்குக் காட்டிற்று.

அக்காலத்தில் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ள நம் நாட்டில் இடமில்லை. இராமன் நிதித் துறைத் தேர்வில் வெற்றி பெற்று, 1907-இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காயராக அமர்ந்தார். ஒருநாள் டிராம் வண்டியிற் செல்லும்போது பௌபஜார் தெருவில் "இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம்" என்னும் பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் தோற்றுவித்த கழகம் அது. கருவிகள் சில இருந்தன; பயன்படுத்துவோர் அரியர். அன்று முதல் அலுவலகத்திற்குச் செல்லுமுன் விடியற்காலையிலும், அலுவலகம் முடிந்த பின் இரவு நெடுநேரம் வரையிலும் இராமன் அங்கே உழைத்தார். அவருக்குத் துணையாக இருந்தவர் ஆசுதோஷ் டே என்னும் உதவியாளர். பெரும் பொருளை வேண்டும் ஆராய்ச்சியை அங்கே நடத்த இயலாது. ஆனால், ஒரு தந்தியும் ஒரு வில்லும் எங்கும் கிடைக்கும். ஏழைகளும் இரவலரும் மீட்டிப் பாடும் ஒற்றைத் தந்தி எக்தாராவைப் பற்றி 1909-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் பின்னர் அவர் கருத்து வில்லின்பால் சென்றது.

வில் செய்யும் வேலை, எண்ணிப் பார்த்தால், வியப்பிற்குரியது. வீணையின் தந்தியை விரலால் இழுத்து விட்டால் அது அதிர்ந்து, ஒலித்து, மெல்லத் தேய்ந்து அடங்கும். அதனை அனைவரும் எளிதில் உணர்வர். வில்லோ தந்தியைத் தட்டுவதுமில்லை; இழுத்து விடுவதுமில்லை. ஒரே சீராக ஒரு பக்கமாகவே நகர்கின்றது. ஒரு பக்கமாக நகரும் பொருள் மற்றொன்றை இருபுறமும் அதிரச் செய்வது எங்ஙனம்?

கனத்த விசுப்பலகை ஒன்றைப் பள்ளியின் வழவழப்பான தரைமேல் இழுத்துப் பார்த்தோர் இதற்கு ஒருவாறு விடை கூறுவர். பலகை சீராக நகர்வதில்லை. பற்றி நிற்கும், சறுக்கும், மீண்டும் பற்றும். அதனாலன்றோ அது கூச்சலிடுகின்றது! வில்லிற் கட்டப்பட்டிருப்பது குதிரைவால் மயிர். அதன்மேல் ரோசின் என்னும் பிசினைத் தேய்ப்பர். பிசின் ஏறிய மயிர் தந்தியைப் பற்றித் தன்னோடு இழுத்துச் செல்லும்; ஓர் எல்லை வந்ததும் தந்தி நழுவித் திரும்பும்; மயிர் அதனை மீண்டும் பற்றும். விநாடிக்கு 300 முறை அதிரும் சுரமாயின் இந்தப் பற்றலும் நழுவலும் விநாடிக்கு 300 முறை நிகழும். வாசிப்பவரின் கை அதனை அறியாது. செவி மட்டும் அதனை ஒரு சுரமாக அறியும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் தந்தியின்மேல் மாவுத்துகள் ஒன்றை ஒட்டி, அதன் அசைவை அதிரும் உருப்பெருக்கி ஒன்றின் வழியே நோக்கினார். வில்லால் இழுக்கப்படும் தந்தி நம் கண்ணுக்கு நடுவே அகன்று இருபுறமும் ஒடுங்கிய பட்டையாகத் தோன்றும். உண்மையில், எந்த நொடியிலும் அஃது இரண்டு நேர்கோடுகளும் அவை சேரும் ஒரு முடக்குமாகவே இருக்கிறது. அம்முடக்கு தந்தியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடித் திரும்புகின்றது. ஓர் அதிர்வுக்கு ஒரு சுற்று. முடக்கு வில்லைக் கடந்து குதிரையை நோக்கி ஓடும்போது தந்தி நழுவுகின்றது. குதிரையை அடைந்து திரும்பி வில்லைக் கடக்கும்போது மீண்டும் பற்றப்படுகின்றது. தந்தியின் நீளத்திற் பத்தில் ஒரு பங்கு தொலைவில் வில் நிற்குமாயின், காலத்திலும் பத்தில் ஒரு பங்கே நழுவல். மற்ற ஒன்பது பங்கும் தந்தி வில்லோடு கூடவே செல்லும்.

இவ்வளவு அழகிய விளக்கம் கிடைத்த பின்னும் இராமனுக்கு அமைதி ஏற்படவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டது நன்கு வாசிக்கப்பட்ட சுரம். நன்கு வாசிக்கப்படாத சுரம் என்னாவது? கீச்சிடும் ஒலி, சீழ்க்கை போன்ற ஒலி, கீழ்ச்சுரம் மறைந்து மேல் எட்டாம் சுரம் மட்டும் கேட்கும் ஒலி ஆகியவையும் தந்தியின் அதிர்வுகளே. அவற்றைப் பிழையென்று தள்ளிவிட்டால் இயற்கையின் ஒரு பாதியைத் தள்ளியதாகும் அன்றோ? தந்தியில் ஒரு முடக்கு மட்டுமன்றி, இரண்டோ, மூன்றோ, இன்னும் பலவோ ஓடக்கூடும் என்று அவர் கணக்கிட்டார். முடக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு அதிர்வுகளை வகைப்படுத்தினார். கணக்கிற் கண்டவற்றை நகரும் தகட்டில் நிழற்படமாகப் பதித்தும் காட்டினார். 1918-இல் கழகத்தின் 15-ஆம் வெளியீடாக வந்த அந்த ஆராய்ச்சி நூல் நூற்றைம்பது பக்கங்களுக்கு மேற்பட்டது. வில்லிசைக் கருவிகளை ஆராய்வோர் இன்றும் அதனை எடுத்துக் காட்டுகின்றனர்.

அதற்குள் அவர் வாழ்வில் ஒரு மாறுதல் நிகழ்ந்திருந்தது. 1917-இல் நல்ல ஊதியமுள்ள அரசாங்கப் பதவியைத் துறந்து, அதனினும் குறைந்த ஊதியத்திற்குக் கல்கத்தாப் பல்கலைக் கழகத்திற் பௌதிகப் பேராசிரியரானார். கணக்குத் துறையில் அவருக்கு முன்னேற்றம் உறுதியாக இருந்தது. அதனை விட்டு வந்தது பலருக்குப் பேதைமையாகத் தோன்றியிருக்கலாம்.

பிடில் வாசிப்போர் வெகுகாலமாக அறிந்த செய்தி ஒன்று உண்டு. பெரும் பிடிலாகிய செல்லோவில் ஏதேனும் ஒரு சுரம் மட்டும் அடங்காமல் உறுமும். நடுங்கி, ஏறியிறங்கி, விட்டுவிட்டு ஒலிக்கும். மேனாட்டார் அதனை ஓநாய்ச் சுரம் என்பர். சிறந்த கருவிகளும் இதற்கு விலக்கல்ல. இராமன் தந்தியின் அசைவையும் பெட்டியின் மேற்பலகையின் அசைவையும் ஒரே வேளையில் படம் எடுத்து ஒப்பிட்டார். பெட்டிக்கு என்று இயற்கையான அதிர்வெண் ஒன்று உண்டு. தந்தியின் சுரம் அதனோடு பொருந்தும்போது பெட்டி மிகுதியாக அதிர்ந்து தந்தியின் ஆற்றலை விரைவாகக் கவர்ந்துகொள்ளும். அப்பொழுது வில்லின் அழுத்தம் போதாமற் போகும். தந்தி தன் சுரத்தை விட்டு மேல் எட்டாம் சுரத்திற்குத் தாவும். உண்ண உணவில்லாத பெட்டி மெல்ல அடங்கும். அது அடங்கியதும் தந்தி பழைய சுரத்திற்கு மீளும். பெட்டி மறுபடியும் கவரும். இந்த இழுபறியே அந்த உறுமல். 1916-இல் இதனை அவர் வெளியிட்டார்.

இந்நிலையில் அவருக்கு ஓர் இடையூறு தோன்றிற்று. மனிதக் கை சுரத்திற்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் இயல்புடையது. தேர்ந்த வித்துவானின் கை குதிரையை நெருங்கினால் தானாக அழுந்தும். விலகினால் தானாகத் தளரும். அது கலைக்கு நன்மை, அளவெடுப்பவனுக்குத் தொல்லை. எனவே இராமன் பிடில் வாசிக்கும் பொறி ஒன்றை அமைத்தார். அதில் அவர் செய்த ஏற்பாடு நகைப்பிற்கிடமாகத் தோன்றினும் மிகவும் நுட்பமானது. வில்லை அசையாமல் நிறுத்திவிட்டுப் பிடிலை அதன் கீழ் முன்னும் பின்னும் சீராக நகரச் செய்தார்! வில்லின்மேல் எவ்வளவு பாரம் வைப்பது, எவ்வளவு விரைவாக நகர்த்துவது, குதிரையிலிருந்து எவ்வளவு தொலைவில் தொடுவது ஆகியவற்றை இப்பொறியில் அவர் வேண்டியவாறு மாற்றலாம்.

பொறி சொன்ன செய்தி யாது? சுரம் சிதையாமல் முழுமையாக ஒலிக்க ஒரு குறைந்த அளவு அழுத்தம் வேண்டும். அதற்குக் கீழே போனால், முடக்கு வந்து சேர்வதற்கு முன்னரே தந்தி நழுவிவிடும், ஒரு நழுவலுக்கு இரண்டாகும், சுரம் உடையும். வில்லின் விரைவு கூடினால் அழுத்தமும் கூட வேண்டும். குதிரையை நெருங்க நெருங்க அழுத்தம் சிறிது சிறிதாகவன்று, மிக விரைந்து உயர வேண்டும். பெட்டியின் இயற்கை அதிர்வெண்ணை ஒட்டிய சுரங்களுக்கும் மிகுந்த அழுத்தம் வேண்டும். ஆகவே, "குதிரைக்கு அருகே போனால் அழுத்தி இழு" என்று குருகுலத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட சொல் பொய்யன்று. எழுத்தில்லாமலும் அளவில்லாமலும் எத்தனையோ தலைமுறைகளின் விரல்களும் செவிகளும் கண்டறிந்து வைத்திருந்த உண்மையைப் பொறி எண்ணால் எழுதிக் காட்டியது. இதில் யார் முந்தியவர், விஞ்ஞானியா வித்துவானா என்று கேட்டால், வித்துவானே என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் காரணம் சொல்ல விஞ்ஞானி வர வேண்டியிருந்தது.

பிடிலின் வழியே ஒலியின் இயல்பைக் கற்ற இராமன் அந்தச் செவியோடு நம் நாட்டுக் கருவிகளை நோக்கினார். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு நூலை வைத்துச் சற்றே நகர்த்துவர். ஜீவா என்பது அதன் பெயர். நூல் சரியான இடத்தில் அமைந்ததும் தம்புரா உயிர் பெற்றது போல் ரீங்காரம் செய்யும். அதன் காரணம் என்ன? தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளியையுடைய மேற்சுரங்கள் ஒலியில் இடம்பெறா என்பது மேனாட்டு நூல்களில் உள்ள விதி. தம்புராவிலும் வீணையிலும் இவ்விதி பொய்த்துப் போவதை 1921-இல் இராமன் எடுத்துக் காட்டினார். இல்லாதிருக்க வேண்டிய மேற்சுரங்கள் அங்கே ஓங்கி ஒலித்தன. இக்கருவிகளின் குதிரை கத்தி முனை போல் கூரியதன்று, அகன்று வளைந்தது. தந்தி அதிரும்போது அவ்வளைவைத் தொட்டும் விட்டும் உரசுவதால் மேற்சுரங்கள் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகின்றன. தம்புரா வைத்திருக்கும் இல்லத்து மாணவர் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். நூலை எடுத்துவிட்டு மீட்டிப் பின் நூலை வைத்து மீட்டினால் போதும். வேறு கருவி எதுவும் வேண்டா.

அந்த 1921-ஆம் ஆண்டிலேயே இராமன் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக் கழக மாநாட்டிற்குக் கப்பலேறினார். இலண்டனில் தூய பவுல் தேவாலயத்து மாடத்தில் மெல்லப் பேசினாலும் சுவரோரமாக எதிர்ப்புறம் வரை கேட்கும் விந்தையை நேரிற் சென்று ஆராய்ந்தார். பயணத்தில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. அந்த நீலத்தைப் பற்றிய கேள்வி அவரை ஒளியின்பால் இழுத்துச் சென்றது. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கண்ட பெரும் விளைவில் கொண்டு போய் நிறுத்திற்று. எனினும் இசையை அவர் மறக்கவில்லை. ஜெர்மனியில் வெளிவந்த பௌதிகப் பெருந்தொகுப்பில் இசைக் கருவிகளையும் அவற்றின் ஒலிகளையும் பற்றிய பகுதியை 1927-இல் எழுதியவர் அவரே. பிடிலும் செல்லோவும் பிறந்த கண்டத்தார், அவற்றின் இயல்பை எடுத்துரைக்கக் கல்கத்தாவிலிருந்த ஒரு தமிழரை நாடினர்.

அவர் நெஞ்சில் நெடுங்காலம் நின்ற மற்றொரு கருவி மிருதங்கம். பொதுவாக, இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. அதனாற்றான் பல முழவுகளின் ஒலியில் தாளம் தெளிவாக இருந்தும் சுரம் தெளிவாக இராது. மிருதங்கமோ சுருதி சேர்க்கப்படும் கருவி. அதன் வலந்தலையில் கருநிறக் கல்தூளையும் சோற்றையும் பிசைந்து வட்டமாகப் பல அடுக்குகள் ஏற்றுவர். அந்தக் கரிய வட்டம் அழகுக்கு இட்ட பொட்டன்று. அதன் பாரத்தால் தோலின் அதிர்வுகள் ஒழுங்குபட்டு, தந்தியின் மேற்சுரங்களைப் போலவே ஒன்று, இரண்டு, மூன்று என்னும் முறையில் ஐந்து சுரங்களாக அமைகின்றன என்று இராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் கண்டு வெளியிட்டனர். எத்தனை முறை ஏற்றிப் பார்த்து, எத்தனை முறை சுரண்டி எடுத்து, அந்தப் பெயரறியாத தொழிலாளர் இந்த அளவைக் கண்டனரோ!

நோபெல் பரிசு பெற்ற பின் 1933-இல் இராமன் பெங்களூர் சென்றார். 1934-இல் இந்திய விஞ்ஞானக் கழகம் ஒன்றை அங்கே நிறுவினார். அக்கழகத்தின் ஆராய்ச்சி இதழின் முதல் தொகுதியை உலகத்து அறிஞர்கள் ஆவலுடன் பிரித்தபோது, ஒளியைப் பற்றிய கட்டுரைகளோடு மிருதங்கத்தைப் பற்றி இராமன் எழுதிய கட்டுரை ஒன்றும் அதில் இருந்தது. தோலின்மேல் நுண்மணலைத் தூவி, விரலை மெல்ல வைத்துத் தட்டினால், அதிராத இடங்களில் மணல் கோடாகவும் வட்டமாகவும் ஒதுங்கி நிற்கும். ஒவ்வொரு சுரத்திற்கும் ஒவ்வொரு கோலம். அம்மணற் கோலங்களை அவர் படமெடுத்து அக்கட்டுரையிற் சேர்த்திருந்தார்.